ஏழு சரிவுகளும் என் நிலப்படமும்

நம் தொகுப்பகம் வெளியிட்ட மலைநாட்டு நூலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருக்கும். ‘இந்நூலின் நிலப்பயன் படம் திரும்பப் பெறப்பட்டது’ என்னும் ஒற்றை வரியே அதில் உள்ளது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுள் ஒருவர், அது அச்சகத்தாரால் நேர்ந்த பிழை என்று மற்றொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்ததை அண்மையில் கேட்டேன். அச்சகத்தார் எப்பிழையும் செய்யவில்லை. அப்பிழை என்னுடையது. நான் ஓய்வுபெற்றுவிட்டேன், உண்மை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். பிறர் தலையில் என் பிழை ஏறிவிடுவதற்கு முன் அதனை முழுமையாக எழுதிவைப்பது என் கடமை. அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அப்பிழையால் இழந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

கரிசற் காட்டில் அமர்ந்துகொண்டு மலைநாட்டைப் பற்றி நாம் ஏன் எழுதுகிறோம் என்று வெளியூர் அறிஞர்கள் சிரித்துக் கேட்பதுண்டு. திருச்சுழி வழியே ஓடும் ஆறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. அது நீராக வரும் நாளில் மேற்குமலையிலிருந்துதான் வருகிறது. மலையை அறியாதவன் தன் ஊர்க் கண்மாயையும் அறியமாட்டான் என்பது நம் தொகுப்பகத்தைத் தொடங்கியவர்களின் கொள்கை. எனவே மலைத்தொடர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் என வகுத்து, நிலம், வரலாறு, பொருளியல், பண்பாடு என நான்கு இயல்களாக எழுதி வந்தோம். கொள்கையில் குறையில்லை. நான் உடன் கொண்டுபோன கண்ணில்தான் குறை இருந்தது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையே பிறந்தவனுக்கு நிலத்தைப் படிக்கும் முறை ஒன்று தானாகவே அமைந்துவிடும். கோடையில் புல் பூண்டின்றி, கறுத்து, வெடித்துக் கிடப்பது உழவுடைய நிலம். பச்சையாகத் தெரிவது கைவிட்ட நிலம். சீமைக்கருவேல் ஆளுயரம் ஏறிய புன்செயைக் கண்டால், உடையவர் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்டார், இனி இங்கு ஏர் பூட்ட ஆளில்லை என்று வழிப்போக்கனும் சொல்லிவிடுவான். இந்தப் படிப்பு நம் மண்ணில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. அதனாலேயே நான் அதை ஐயுறவில்லை.

அம்மலையின் பெயரை இங்கே குறிக்காமல் விடுகிறேன். வழக்கு இன்னும் முற்றுப்பெறவில்லை. அங்கு ஓர் ஊருக்கு இருமுறை சென்றேன். முதற்பயணம் பண்பாட்டு இயலுக்காக. தை மாதத்தில், ஊர்க்கோயிலின் முன் மக்கள் கூட, பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, சுற்றியுள்ள சரிவுகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கூவினார். ‘கரடிப்பாறை தூங்கட்டும், நெல்லிமேடு தூங்கட்டும்’ என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு பெயருக்கு மட்டும் ‘எழுந்திருக்கட்டும்’ என்றார். மக்கள் குலவையிட்டனர். மலையை உயிருள்ளதாகக் கருதி வாழ்த்தும் வழிபாட்டு வாய்மொழி என்று அதனை எழுதிக்கொண்டேன். எழுந்திருக்கச் சொன்ன சரிவில் அன்று நண்பகலில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் உண்டேன். சுவை நாவில் நின்றதே தவிர, நான் எங்கே அமர்ந்து உண்கிறேன் என்பது அறிவில் ஏறவில்லை.

இரண்டாம் பயணம் எட்டு ஆண்டுகள் கழித்து, நிலப்பயன் படம் ஆக்குவதற்காக. அப்போது சித்திரை மாதம். ஊரைச் சுற்றிய சரிவுகளில் ஒன்றே ஒன்று கொத்திப் பண்படுத்தப்பட்டிருந்தது. மற்றவற்றில் புதர் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. மரங்கள் மார்பளவில் வெட்டப்பட்டு மீண்டும் தழைத்திருந்தன. விறகுக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். எதிர்ப்பட்ட ஒருவரிடம், “இங்கெல்லாம் என்ன விளைகிறது?” என்று கேட்டேன். “இப்ப ஒண்ணும் இல்லீங்க” என்றார். ஒரு சரிவுக்குப் பச்சையும் ஆறு சரிவுகளுக்கு மஞ்சளும் குறித்தேன். நம் படங்களில் மஞ்சள் என்றால் பயன்படாத நிலம்.

அடுத்த ஆண்டு நூல் அச்சில் இருக்கும்போது, தனியார் தோட்டக் குழுமம் ஒன்று, அப்படத்தின் படியொன்று வேண்டும் என்று மிகப் பணிவாக எழுதிக் கேட்டது. நூல் வெளிவரும் முன்பே நம் உழைப்பை மதிப்பவர் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்து, கையொப்பமிட்டு அனுப்பிவைத்தேன். ஏன் கேட்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை முற்பகலில் வெள்ளையம்மாள் என்பவர் வந்தார். அப்போது தொகுப்பகம் அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுநூற் கடையின் மாடியில் இருந்தது. பின்புறத் தெரு முழுவதும் விசைத்தறிகள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய தாள்.

“இந்த ஊர்ல வழி கேட்டா எல்லாரும் நேராப் போ, நேராப் போன்னே சொல்றாங்க. எங்க ஊர்ல நேராப் போனா பள்ளத்துலதான் கிடப்போம்” என்றார் நின்றபடியே. பிறகு, “படம் போட்ட ஐயா யாருங்க?”

“நான்தாம்மா. உட்காருங்க.”

அவர் உட்காரவில்லை. தாளை என் மேசைமேல் விரித்தார். நான் குழுமத்துக்கு அனுப்பிய படத்தின் படி அது. கீழ் மூலையில் நம் முகவரியும் என் கையொப்பமும் இருந்தன.

“இதுல எங்க ஊரைக் காட்டுங்க.”

காட்டினேன்.

“சுத்தி இருக்கிற மஞ்சளு?”

“பயன்படாத நிலம்.”

“யாருக்குப் பயன்படாத நிலம்?”

நேரில் பார்த்து எழுதியது என்றேன். ஊர்க்காரர் ஒருவரையும் கேட்டுத்தான் எழுதினேன் என்றேன்.

“என்ன சொன்னாரு அவரு?”

அலமாரியில் இருந்த இரண்டாம் பயணத்தின் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் சொன்னபடியே எழுதியிருந்தேன். உரக்கப் படித்தேன். “‘இப்ப ஒண்ணும் இல்லீங்க.’”

“சரியாத்தான் சொல்லிருக்காரு. இப்ப இல்ல. மூணு வருசம் விதைச்ச காட்டை விட்டுட்டு அடுத்த சரிவுக்குப் போவோம். ஏழையும் சுத்தி வர இருபது வருசம் ஆகும். அதுக்குள்ள பழைய சரிவுல தழை விழுந்து மண்ணு தேறிக்கும். மரத்தை வேரோட எடுக்க மாட்டோம், நெஞ்சு உயரத்துலதான் வெட்டுவோம். நீங்க பாக்கலையா?”

பார்த்தேன். பார்த்து விறகு என்று எழுதியிருந்தேன்.

அவர் அப்போதுதான் அமர்ந்தார். வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த ஆறு சரிவுகளையும் குத்தகைக்குக் கேட்டிருக்கிறது குழுமம். ஊர் தன் உரிமையைக் கோரியிருக்கிறது. வியாழக்கிழமை மலையடிவார ஊரில் விசாரணை. யாரும் பயன்படுத்தாத நிலம் என்பதற்குக் குழுமம் காட்டும் முதற்சான்று என் படம்.

“ஆறு போச்சுன்னா மிச்சம் ஒரு சரிவு. அதுல மூணு வருசம் விதைப்போம். நாலாம் வருசம் அது வெறும் கல்லு. அப்புறம் எங்க காட்டுலயே எங்க மக்க கூலிக்கு நிக்கணும்” என்றார். குரலில் அழுகையோ இரப்போ இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்வி மட்டும் இருந்தது.

நம் நிலப்படங்களுக்கு வண்ணம் தீட்டிய அம்மையார் அறையின் மறுபுறத்தில் இருந்தார். நெசவுக் குடும்பத்தவர், வீட்டில் கன்னடமும் வெளியே தமிழும் பேசுபவர். என்னோடு ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர். அச்சுப்படிகளைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து நான்காம் இயலை என்முன் வைத்தார்.

“சார், இதுல கோயில் முன்னாடி ஒருத்தர் சரிவு பேரா கூப்பிடுறாருன்னு எழுதியிருக்கீகல்ல. தூங்கட்டும், தூங்கட்டும்னு. அந்தச் சரிவெல்லாம் எங்க சார் இருக்கு?”

“ஊரைச் சுற்றி.”

“அப்ப முதல் இயல்ல அதுக்கு மஞ்சள் பூசச் சொல்லிக் குடுத்தீக. நாலாம் இயல்ல அதுகளுக்குப் பேரு வச்சு, அதுக தூங்குதுன்னும் எழுதுறீக. ஒரு இயல்ல இருக்கிறவரு இன்னொரு இயல்ல இருக்கிறவர்கூட பேச மாட்டாரோ?”

வெள்ளையம்மாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோழர்களே, அந்த ஊரின் நிலப்பதிவேட்டை நான் படம் ஆக்குவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கையில் வாங்கி, அதனைப் பண்பாடு என்று பெயரிட்டு வேறொரு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். எதை உழுவது, எதை விடுவது என்று ஊர் கூடி ஆண்டுதோறும் முடிவு செய்து உரக்க அறிவிக்கும் நிகழ்ச்சி அது. வழிபாடும் அதில் உண்டு. வழிபாட்டை மட்டும் நான் பார்த்தேன்.

அன்றே தலைமைத் தொகுப்பாளரிடம் போனேன். அவர் பெயரை எங்கும் குறிக்கக் கூடாது என்பது அவருடைய விருப்பம். எனக்குத் தொழில் கற்பித்தவர் அவர். படத்தைத் திரும்பப் பெற்று, பிழை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அந்த அம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. ஆனா தோணுனதை வச்சுத்தானே நீங்களும் மஞ்சள் பூசச் சொன்னீக?”

“ஆமாம்” என்றேன்.

“இன்னைக்கு இவுக வந்து வருத்தப்பட்டதுக்கு மாத்துனோம்னா, நாளைக்குத் தோட்டக்காரவுக வந்து வருத்தப்பட்டாலும் மாத்தணும். அப்புறம் நம்ம நூலு எதுக்கு? வெக்கத்துல திருத்தாதீக. வழக்குன்னு ஒண்ணு வாரதுக்கு முன்னாடி எழுதுன சான்று ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. இருந்தா நானே கையெழுத்துப் போடுறேன்.”

அப்போது எனக்கு அவர்மேல் சினம் எழுந்தது. மூன்று நாளில் ஓர் ஊரே நிலம் இழக்கும் நிலையில் சான்று கேட்கிறாரே என்று எண்ணினேன். இரவெல்லாம் எண்ணிய பின்னரே அவர் கேட்டது எனக்கு எதிரானது அன்று, வெள்ளையம்மாளுக்கு உதவக்கூடிய ஒரே பொருள் அதுதான் என்பது விளங்கியது. மனம் மாறிய ஒருவனின் கடிதத்தை எந்த வழக்கறிஞரும் ஒரு கேள்வியில் கிழித்துவிடுவார். பழைய தாளை அப்படிக் கிழிக்க முடியாது.

பழைய தாள் இருந்தது. முதற்பயணத்தின் குறிப்பேடு. தொகுப்பகத்தின் கூரை ஒழுகிய காலத்தில் என் பழங்குறிப்புகளையெல்லாம் திருச்சுழிக்குப் போகும் வழியில் உள்ள எங்கள் ஊர் வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தேன். அச்சான இயலில் பெயர்களைச் சுருக்கி, மாதிரிக்கு மூன்று மட்டும் கொடுத்திருந்தேன். குறிப்பேட்டில் ஏழும் இருக்கும் என்று நம்பினேன். செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளையம்மாளும் வரைவாளர் அம்மையாரும் நானும் பேருந்தேறினோம். வெள்ளையம்மாள் அம்மையார் வீட்டில் தங்கியிருந்ததால் இருவரும் அதற்குள் அக்கா தங்கை ஆகிவிட்டிருந்தனர்.

வைகாசி மாதம். பேருந்தின் இருபுறமும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெள்ளையம்மாள் நெடுநேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்தபோது, என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறையாகிறவர், எதிரே வந்தார். எங்களைக் கண்டு நின்றார். அவருடைய புன்செய் அங்கேயே இருந்தது. வெள்ளையம்மாள் அதைக் காட்டி என்னிடம் கேட்டார்.

“பாவம், ஏங்க எல்லாரும் இப்படி விட்டுட்டுப் போயிட்டாங்க?”

அண்ணன் காதில் அது விழுந்தது.

“யாரு தாயி விட்டுட்டுப் போனது? நான் இங்கனயேதான இருக்கேன். கோடை உழவு போட்டு வச்சிருக்கு. புரட்டாசில மழை விழுந்தா பருத்தியும் சோளமும் போடுவோம்.”

“போன வருசம் போட்டீங்களா?”

“போன வருசம் மழை ஏமாத்திருச்சு. அதுக்கு முந்துன வருசமும் பாதிதான். அதுக்காக நெலம் எனக்கு இல்லைன்னு ஆயிருமா?”

அம்மையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, இந்தத் தாயிகிட்ட நம்ம காட்டைத் தரிசுன்னு சொன்னியா?”

“இல்லண்ணே. அவுக காட்டைத்தான் நான் தரிசுன்னு எழுதிட்டேன்.”

அவருக்கு நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “எழுதுறதுக்கு முன்னாடி அவுககிட்ட ஒரு வார்த்தை சரியாக் கேக்க மாட்டியா? எம்புட்டுப் படிச்சவன்லே நீயி” என்றார். பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த மதிப்புரைகளுள் நேர்மையானது அதுவே என்று இன்றும் கருதுகிறேன்.

வீட்டில் மரப்பெட்டியைத் திறந்தோம். குறிப்பேடு செல்லரிக்காமல் இருந்தது. தை மாதச் சடங்கின் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தேன். நாள், இடம், கூடியிருந்தோர், பெரியவரின் பெயர், எல்லாம் இருந்தன.

“‘கரடிப்பாறை தூங்கட்டும். நெல்லிமேடு தூங்கட்டும். பலாவடி தூங்கட்டும். செம்மண்சரிவு தூங்கட்டும். ஊற்றடி எழுந்திருக்கட்டும்.’”

வெள்ளையம்மாள் ஒவ்வொரு பெயருக்கும் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். ஐந்து விரல்கள் மடங்கின. மறுகையை நீட்டிக் காத்திருந்தார்.

“அப்புறம்?”

அப்புறம் என் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. ‘முதலியன.’

“தேனடை? மூங்கில்மொடக்கு?”

“இல்லை அம்மா.”

“அவரு சொல்லலையா, நீங்க எழுதலையா?”

“சொல்லியிருப்பார். நான் எழுதவில்லை.”

ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். எழுதுகோலில் மை தீரவில்லை. மேளம் முழங்கிக் காதை அடைக்கவில்லை. ஐந்து பெயர்கள் வந்ததும், சடங்கின் அமைப்பு விளங்கிவிட்டது, மாதிரிக்கு இது போதும் என்று நான் முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது சடங்கின் அமைப்பு. அவர்களுக்கு வேண்டியது சரிவுகள்.

அண்ணன்தான் முதலில் பேசினார். பெட்டியின் அடியில் கிடந்த என் பழைய மைப்பேனாவை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“அதான் இன்னது இன்னதுன்னு இவுக சொல்றாகல்ல. பொய்யில்லையே. அந்தச் சொல்லுக்கு மேல ரெண்டு பேரையும் எழுதிரு. பழைய பேனா, பழைய நோட்டு. யாருக்குத் தெரியப் போகுது?”

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். எழுதப்போவது பொய்யன்று. எழுதாவிட்டால் இரண்டு சரிவுகள் போகலாம். எழுதச் சொல்பவர் நல்லவர். எழுத வேண்டும் என்று எனக்கும் கை துடித்தது. என் குற்றம் இரண்டே சொற்களில் கழுவப்பட்டுவிடும் அல்லவா? அந்த ஆசைதான் என்னைத் தடுக்கவும் செய்தது. அது வெள்ளையம்மாளுக்கான ஆசையா, எனக்கான ஆசையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆயினும் நான் மட்டும் முடிவு செய்வதற்கு அது என் நிலமன்று. அவரைப் பார்த்தேன்.

அம்மையார் அவர் அருகில் அமர்ந்து மெல்லச் சொன்னார்: “அக்கா, அந்த ரெண்டை இப்ப எழுதுனா மத்த அஞ்சும் போயிரும். மை புதுசா இருக்குன்னு ஒருத்தன் சொன்னாப் போதும்.”

வெள்ளையம்மாள் மடங்கிய விரல்களை ஒருமுறை பார்த்தார்.

“தேனடையில எங்க மாமியார் மூணு வருசம் கேவுரு வெளைச்சாங்க. எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல” என்றார். பிறகு, “நோட்டை மூடுங்க ஐயா” என்றார்.

மூடினேன்.

புதன்கிழமை காலையில் தலைமைத் தொகுப்பாளர் குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். வெள்ளையம்மாள் சரிவுகளை அடையாளம் காட்ட, அச்சுப்படியில் உள்ள என் படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தார். முதற்குறிப்பேட்டில் எழுந்திருக்கட்டும் என்று எழுதிய ஊற்றடி படத்தில் மஞ்சளாக இருந்தது. அன்று தூங்கட்டும் என்று எழுதிய பலாவடி இன்று பச்சையாக இருந்தது. நிலம் கைவிடப்படவில்லை, சுற்றிவருகிறது என்பதை என் இரு குறிப்பேடுகளே ஒன்றுக்கொன்று சான்று கூறின. அவர் தாள் எடுத்து, படத்தைத் திரும்பப் பெறுவதாகத் தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்டார். “படத்துக்கு ஏன் இப்படி ஆச்சுன்னு எழுதுற இடம் உங்களுக்கு. அதை நான் எழுதக் கூடாது” என்று மீதித் தாளை என் பக்கம் தள்ளினார். நூல் வெளியீட்டையும் தள்ளிவைத்தார். பின்னர் அத்தனை படிகளிலும் திருத்தத் தாள் ஒட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

வியாழக்கிழமை விசாரணை முற்பகலில் தொடங்கியது. குழுமத்தின் வழக்கறிஞர் என்னைக் கடுமையாகப் பேசவில்லை. சிரித்த முகத்தோடுதான் கேட்டார்.

“ஐயா பெரிய அறிஞர். ஒரே மலையைப் பத்தி ரெண்டு விதமா எழுதியிருக்கீங்க. இதுல நாங்க எதை நம்புறது?”

“முதலாவது நான் கேட்டு எழுதியது. இரண்டாவது பார்த்து ஊகித்தது. கேட்டதை நம்புங்கள்.”

“அப்ப உங்க படத்துல பிழை?”

“படம் நான் சொன்னபடி வரையப்பட்டது. பிழை என் கண்ணில்.”

விசாரணைக் குழுவின் தலைவராக இருந்த அரசு அலுவலர் குறிப்பேட்டை வாங்கித் தாளை ஒளியில் தூக்கிப் பார்த்தார். மையின் நிறத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டார். வெள்ளையம்மாளும் அம்மையாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு அவர் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“ஊர் ஏழு சரிவு கேக்குது. இதுல அஞ்சு பேர் இருக்கு. இந்த முதலியனங்கிறது என்ன?”

“இன்னும் இரண்டு பெயர்கள்.”

“எவை?”

“தேனடை, மூங்கில்மொடக்கு.”

“அது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நேற்றுமுன்தினம்.”

அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் நேர்மையாகவே கேட்டார். நானும் நேர்மையாகவே விடை சொன்னேன். அதன் விளைவை மலையிலுள்ளவர்கள் சுமக்கிறார்கள்.

என் படம் சான்றிலிருந்து நீக்கப்பட்டது. களப்பார்வைக்குப் பின், ஐந்து சரிவுகள் ஊரின் சுழற்சி நிலம் என்று பதிவாயின. தேனடையும் மூங்கில்மொடக்கும் எவருக்கும் வழங்கப்படவில்லை. போதிய முற்சான்று இல்லை என்று தனியே நிறுத்திவைக்கப்பட்டன. இன்றுவரை அப்படியே நிற்கின்றன. ஐந்து சரிவுகளில் சுற்றுவதால் ஒவ்வொரு சரிவுக்கும் ஓய்வு குறைந்துவிட்டது. சாமைக் கதிர் முன்பிருந்த நீளம் இல்லை என்று வெள்ளையம்மாள் சென்ற முறை தொலைபேசியில் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை; விளைச்சலைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். தை மாதத்தில் இப்போதும் ஏழு பெயர்களையும் கூவுகிறார்களாம். இரண்டு மட்டும் ஆண்டுதோறும் ‘தூங்கட்டும்’ என்றே சொல்லப்படுகின்றன.

விசாரணைக்குப் பின் பணியில் இருந்த காலமெல்லாம் நான் ஒரு வேலையை விடாமல் செய்தேன். ஓய்வுக்குப் பின்னும் செய்கிறேன். அந்த மலைக்குப் போன வணிகர், ஆசிரியர், மருத்துவப் பணியாளர், விதை சேர்த்தவர், நில அளவைக்குப் போனவர் எவராயினும் தேடிப்பிடித்து, அவர்களுடைய பழைய நாட்குறிப்புகளைக் கேட்டுப் பார்க்கிறேன். வழக்குக்கு முற்பட்ட ஏதேனும் ஒரு தாளில் அவ்விரு பெயர்களும், அங்கே விதைத்ததும் இருந்தால் போதும். மறுவிசாரணைக்கு வழி உண்டு. மூன்று முறை கிடைத்துவிட்டது என்று எண்ணி ஏமாந்தேன். தேடலை நிறுத்தும் எண்ணம் எனக்கில்லை.

நீங்கள் களத்துக்குப் போகும்போது ஒருவர் பத்துப் பெயர் சொன்னால் பத்தையும் எழுதுங்கள். ஏன் என்று அப்போது விளங்காது. விளங்கியவற்றை மட்டும் எழுதுபவருக்கு இந்தத் தொழில் தேவையில்லை. உங்கள் ஊர்க் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுப் போக உங்களால் இயலாது, எனக்கும் இயன்றதில்லை. அந்தக் கண் சொல்வதை, அந்நிலத்தில் நிற்பவரிடம் முழு வாக்கியமாகச் சொல்லி, அவர் தலையசைக்கும் வரை மையில் எழுதாதிருக்க இயலும். ‘இந்தச் சரிவு யாருக்கும் பயன்படவில்லை என்று எழுதப்போகிறேன்’ என்று அந்தச் சித்திரையில் நான் உரக்கச் சொல்லியிருந்தால், எதிரே நின்றவர் அப்போதே என் கையைப் பிடித்திருப்பார்.

நினைவிலிருந்து எழுதியது இது. சடங்கில் பெயர்கள் வந்த வரிசையும், விசாரணையில் சொல்லப்பட்ட சொற்களும் சிறிது முன்பின்னாக இருக்கலாம். உடனிருந்த அம்மையாரும் பிறரும் பிழை கண்டால் ஓரத்தில் குறித்து அனுப்புக, ஏற்றுத் திருத்துவேன். இதைப் படிக்கும் உங்களுள் எவர் கையிலேனும், உங்கள் பெற்றோர் கையிலேனும் அம்மலைப் பக்கத்துப் பழங்குறிப்பு இருந்தால், அதில் இவ்விரு பெயர்களையும் தேடிப் பாருங்கள். தேனடை. மூங்கில்மொடக்கு. நான் அன்று எழுதாமல் விட்டதை நீங்கள் எங்கேனும் கண்டால், அதுவே எனக்கு நீங்கள் செய்யும் திருத்தம்.